கூலியா, கொடையா?

அரசாங்க உத்தியோகத்தில் ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு ஒரு சம்பளம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் கூறுவது பொய்யன்று. அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக அமரும் பெண்ணுக்கும், அடுத்த மேசையில் அமரும் ஆணுக்கும் ஊதிய நிலை ஒன்றே. மாவட்ட ஆட்சியர் பெண்ணாயின் அவருக்கு ஒரு ரூபாயும் குறைவதில்லை. 1989-இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாகப் பதவியேற்ற ஃபாத்திமா பீவி அவர்கள், உடனமர்ந்த ஆண் நீதிபதிகள் பெற்ற ஊதியத்தையே பெற்றார்கள். 1997 முதல் 2001 வரை தமிழக ஆளுநராகக் கிண்டி மாளிகையில் வீற்றிருந்தபோதும், பெண் என்ற காரணத்தால் அவர்களுக்கு எதுவும் குறைக்கப்படவில்லை. நம் சமுதாயத்துப் பெண்மணி ஒருவர் அவ்வுயரத்தை எட்டியது குறித்து நாம் பெருமிதம் கொள்கிறோம், கொள்வது முறையே.

அந்தக் கிண்டி மாளிகையிலிருந்து அடையாற்றுப் பக்கம் வந்து, பெருஞ்சாலையை விட்டு விலகி, ஏதேனும் ஒரு வாரியக் குடியிருப்பினுள் நுழைவோம். அடையாறு வேண்டாமெனில், மயிலாப்பூரின் கடற்கரைக் குப்பங்களுக்குச் செல்லலாம். தியாகராய நகரில் துணிக்கடைகளின் ஒளி எட்டாத சந்துகளுக்கும் செல்லலாம். எங்கு சென்றாலும் ஓர் அறையைக் காண்போம். சுவரில் அகர வரிசையும் பழங்களின் படமும் எழுதியிருக்கும். மூலையில் எடை பார்க்கும் கருவி தொங்கும். பத்திருபது குழந்தைகள் தட்டின்முன் அமர்ந்திருப்பார்கள். அரசாங்க ஏட்டில் அதன் பெயர் அங்கன்வாடி மையம். தெருவார் அதைப் பால்வாடி என்பார்கள். அங்கே கற்பிப்பவர் பால்வாடி டீச்சர், சமைத்துக் கழுவிப் பிள்ளைகளைத் தூக்கி வைத்துக்கொள்பவர் ஆயா. தமிழகத்தில் இத்தகைய மையங்கள் 54,000-க்கு மேல். அவற்றில் பணிபுரிவோர் அனைவரும் பெண்கள்.

2017-ஆம் ஆண்டின் ஊதியத் திருத்தத்தில் இவர்களுக்கென வகுக்கப்பட்டது ‘சிறப்புக் காலமுறை ஊதியம்’. ‘சிறப்பு’ என்ற சொல்லைக் கண்டு ஏமாந்துவிடலாகாது. பொதுவான காலமுறை ஊதியத்துக்குள் இவர்கள் வரவில்லை என்பதே அதன் பொருள். அங்கன்வாடிப் பணியாளருக்கு 7,700 ரூபாயில் தொடங்கி 24,200 வரை. ஆயாவுக்கு 4,100-இல் தொடங்கி 12,500 வரை. பள்ளிச் சத்துணவுக் கூடத்துச் சமையலருக்கும் அதே 4,100. சமையல் உதவியாளருக்கு 3,000 ரூபாயில் தொடக்கம். அதே ஆண்டில், அதே அரசின் முறையான பணிகளில் மிகத் தாழ்ந்த படியில் நிற்கும் அலுவலக உதவியாளருக்கு வகுத்த தொடக்க ஊதியம் 15,700 ரூபாய்.

இவ்வெண்களை ஒருமுறை அருகருகே வைத்துப் பார்ப்பது நலம். அலுவலக உதவியாளர் பணிக்கு எட்டாம் வகுப்பு போதும். அங்கன்வாடிப் பணியாளர் பத்தாம் வகுப்பில் தேறியிருக்க வேண்டும் என்பது நெடுங்கால விதி. கூடுதலாகப் படித்தவருக்குப் பாதிக்கும் குறைவான ஊதியம்; ஆயாவுக்கோ நான்கில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். அகவிலைப்படி சேருமே என்பர். நூற்றுக்குப் பத்து என்று இருவருக்கும் ஒரே விகிதத்தில் கூட்டினால் ஒருவருக்கு 410 ரூபாயும் மற்றவருக்கு 1,570 ரூபாயும் சேரும். ஒரே விகிதம் என்பது காதுக்கு இனிமையாக இருக்கிறது. இடைவெளியோ ஆண்டுக்காண்டு அகன்றுகொண்டே போகிறது.

இதில் ஆண், பெண் என்ற பிரச்சினை எங்கே வந்தது, இது பணிக்குப் பணி உள்ள வேறுபாடல்லவா என்று வாசக அன்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அதற்கு விடை காண, சிறப்புக் காலமுறை ஊதியம் என்னும் அந்த ஏணியையே படிப்படியாக ஏறிப் பார்ப்போம். அதில் மேற்படியில் நிற்பவர்களுள் கிராம உதவியாளர் ஒருவர். அவருடைய தொடக்க ஊதியம் 11,100 ரூபாய். தலையாரி, வெட்டியான் என்ற பழைய பெயர்களின் வழிவந்த அப்பணியில் நெடுங்காலம் ஆண்களே மிகுதி. பெண்களே நிறைந்த பணிகள் அதே ஏணியில் 7,700-க்கும் 4,100-க்கும் 3,000-க்கும் இறங்கிவிடுகின்றன. இன்ன பணிக்குப் பெண்ணென்பதால் குறைத்துக் கொடு என்று எந்த அரசாணையும் கூறவில்லை. பெண்களே செய்யும் பணி எதுவோ அது குறைவாக மதிக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவே.

வெளிப்படையாக விதியிலேயே பெண்ணைத் தாழ்த்திய காலம் ஒன்றிருந்தது. சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதற்பெண்மணியான சி.பி. முத்தம்மா, திருமணம் செய்துகொள்ளப் பெண் அதிகாரி அனுமதி பெற வேண்டும், குடும்பம் பணிக்கு இடையூறென்று கருதப்பட்டால் விலக வேண்டும் என்ற விதிகளை எதிர்த்து உச்ச நீதிமன்றம் ஏறினார். 1979-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அவ்விதிகளைக் கடுமையாகக் கண்டித்தார். அத்தகைய விதிகளை இனங்காண்பது எளிது. அவை எழுத்தில் இருந்தன. நாம் இப்போது பேசிக்கொண்டிருப்பது எழுத்தில் இல்லாத ஒன்று.

அரசியலமைப்பின் 39-ஆவது பிரிவு, ஆண் பெண் இருபாலார்க்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்பதை அரசின் நெறிகளுள் ஒன்றாக வைத்தது. 1975-இல் அவசரச் சட்டமாகவும் 1976-இல் நாடாளுமன்றச் சட்டமாகவும் சம ஊதியச் சட்டம் வந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தை ஊதியச் சட்டத்தொகுப்பு எடுத்துக்கொண்டது. பழைய சட்டமும் புதிய சட்டமும் கூறுவது ஒன்றே: அதே வேலையையோ, ஒத்த தன்மையுள்ள வேலையையோ செய்வோருக்குள் பால்வேற்றுமை காட்டி ஊதியத்தைக் குறைக்கலாகாது. நல்ல சட்டம்தான். அதன் பயனைப் பெற வேண்டுமாயின், தன்னோடு ஒப்பிடுவதற்கு ஓர் ஆணைக் காட்ட வேண்டும். பலரும் எடுத்துக்காட்டும் 1982-ஆம் ஆண்டுத் தீர்ப்பு, டெல்லிக் காவல்துறையில் வாகனம் ஓட்டிய ரந்தீர் சிங் என்பவர் தொடுத்த வழக்கில் பிறந்தது. பிற துறைகளில் வாகனம் ஓட்டுவோர் கூடுதலாகப் பெறுவதை அவர் சுட்டிக்காட்டினார், வென்றார். ஓட்டுநருக்கு ஓட்டுநர் கிடைத்தார். பால்வாடி ஆயா யாரைச் சுட்டுவாள்? ஆண் ஆயா என்று ஒருவர் உலகில் இல்லையே! பெண்களை மட்டுமே வைத்து ஒரு பணியை உருவாக்கிவிட்டால், பெண்களைக் காக்க வந்த சட்டம் அங்கே வாயிழந்து நிற்கிறது.

பிற நாட்டார் இம்முட்டுக்கட்டையை எங்ஙனம் கடந்தனர் என்பதற்கு ஒரு சான்று சொல்லலாம். இங்கிலாந்தின் பிர்க்கன்ஹெட் நகரில் கப்பல் கட்டும் தளம் ஒன்றின் உணவுக்கூடத்தில் ஜூலி ஹேவர்டு என்ற பெண் சமையல் செய்து வந்தார். தம் வேலையின் மதிப்பு அத்தளத்தில் வர்ணம் பூசுவோர், தச்சர் ஆகிய ஆண்களின் வேலை மதிப்புக்குக் குறைந்ததன்று என்று வழக்காடினார். அகப்பையும் இழைப்புளியும் ஒரே கருவி என்று அவர் சொல்லவில்லை. தேவைப்படும் பயிற்சி, உடலுழைப்பு, பொறுப்பு இவற்றை எடைபோட்டால் இரண்டும் சமம் என்றார். 1988-இல் பிரபுக்கள் சபை அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ‘ஒரே வேலை’ என்ற அளவுகோலுக்குப் பதிலாக ‘ஒத்த மதிப்புடைய வேலை’ என்ற அளவுகோல் அங்கே இருந்ததால் அது இயன்றது. நம் சத்துணவுக் கூடத்தில் ஒரு பள்ளிக்கே சோறு வடிக்கும் பெண்ணின் பொறுப்பையும், கோப்புகளை மேசைக்கு மேசை எடுத்துச் செல்பவரின் பொறுப்பையும் அந்த அளவுகோலால் யாரேனும் அளந்து பார்த்தால் என்ன விடை வரும்? கொதிக்கும் உலைக்கும் ஊறுபட்ட உணவுக்கும் ஒருவர் அஞ்ச வேண்டியிருக்கிறது. மற்றவருக்கு அவ்வச்சம் இல்லை.

செவிலியர் கதையும் இதற்கு அயலானதன்று. தியாகராய நகரிலிருந்து கூப்பிடு தூரத்தில், தேனாம்பேட்டை அண்ணா சாலையில், மருத்துவத் துறை இயக்குநரகங்கள் அமைந்த டி.எம்.எஸ். வளாகம் இருக்கிறது. தேர்வெழுதி வென்று, 2015-இல் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் அரசு மருத்துவமனைகளில் அமர்த்தப்பட்ட செவிலியர், 2017 நவம்பரில் அவ்வளாகத்தில் கூடி அறப்போர் நடத்தினர். அதே வார்டில் அதே ஊசியைப் போடும் நிரந்தரச் செவிலியருக்கு ஒரு சம்பளம், தமக்கு ஒரு சம்பளமா என்பது அவர்கள் கேள்வி. அத்தொகை பின்னர் படிப்படியாக உயர்த்தப்பட்டது. ஆயினும் செவிலி என்றால் தாய் என்று பொருள்கொண்ட நம் மொழியில், அத்தாய்மார் தரையில் அமர்ந்து கூலி கேட்க நேர்ந்ததை நாம் எளிதில் மறந்துவிட முடியாது.

தாய் என்ற சொல்லில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறதென்று நமக்குத் தோன்றுகிறது.

பால்வாடி டீச்சரைப் பார்த்து, ‘நீங்கள் செய்வது தொண்டு அம்மா, தாயைப்போலப் பார்த்துக்கொள்கிறீர்கள்’ என்று அதிகாரியும் சொல்கிறார், அமைச்சரும் சொல்கிறார், நாமும் சொல்கிறோம். மனமாரத்தான் சொல்கிறோம். அச்சொல்லுக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருப்பதை நாம் காண்பதில்லை. தாய் கூலி கேட்பாளா? கேட்க மாட்டாள். எனவே தாயைப்போல உழைப்பவளும் கேட்கலாகாது. கேட்டால் அவள் தாயாகவும் இல்லை, தொண்டராகவும் இல்லை. இக்கணக்குக்கு அரசாங்கம் வைத்த பெயர் ‘மதிப்பூதியம்’. மத்திய அரசின் விதிப்படி 2018 அக்டோபர் முதல் பணியாளருக்கு 4,500 ரூபாயும் உதவியாளருக்கு 2,250 ரூபாயும் அந்தப் பெயரில் வகுக்கப்பட்டன. தமிழகம் அதனினும் மேலாகவே கொடுத்து வந்திருக்கிறது என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் ஊதியத்தைக் குறைத்து, குறைந்த இடத்தை மதிப்பு என்ற சொல்லால் நிரப்பும் வழக்கம் இரண்டு அரசுகளுக்கும் பொதுவானது.

தாய்மையின் பெயரால் கூலியைக் குறைக்கலாமா என்ற கேள்விக்கு நம் மார்க்கம் என்றைக்கோ விடையளித்துவிட்டது. திருமறையின் தலாக் அத்தியாயம், மணவிலக்குப் பெற்ற தாய் தன் சேய்க்குப் பாலூட்டினால், அதற்குரிய கூலியைத் தந்தை அவளுக்குக் கொடுத்துவிட வேண்டுமென்று பணிக்கிறது. எண்ணிப் பாருங்கள். பெற்ற தாய். தன் குழந்தை. தாய்ப்பால். இதனினும் தாய்மை நிறைந்த பணி மற்றொன்று உண்டா? அங்கேயே கூலி என்ற சொல் வந்துவிட்டது. ஃபிக்ஹு நூல்கள் இஜாரா எனப்படும் கூலி ஒப்பந்தத்தைப் பேசுமிடத்து, செவிலித்தாயை அமர்த்திப் பால் கொடுக்கச் செய்வதைத் தனியே எடுத்து ஆராய்கின்றன. அன்பு இருக்கிறது, ஆகவே கூலி தேவையில்லை என்று அவை முடிக்கவில்லை. அன்பு அவளுக்கும் குழந்தைக்கும் இடையே உள்ளது; கூலி அவளுக்கும் அமர்த்தியவருக்கும் இடையே உள்ளது.

குழந்தைகளை அரசு பேணுவதும் நமக்குப் புதிய செய்தியன்று. பால் மறந்த குழந்தைகளுக்கே உதவித்தொகை என்று முதலில் வகுத்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள், அத்தொகையை நாடித் தாய்மார் காலத்துக்கு முன்னரே பால் மறக்கடிப்பதை அறிந்து துயருற்று, பிறந்த நாள் முதலே வழங்கும்படி ஆணையிட்ட செய்தியை நம் இல்லங்களில் சிறுவரும் அறிவர். அரசு கருவூலத்தின் ஒரு விதி வீட்டுக்குள் இருக்கும் தாயையும் சேயையும் எங்ஙனம் தொடுகிறது என்பதை அவர்கள் இரவில் தெருவில் நடந்து கண்டார்கள்.

இனி, இவ்வூதியம் இவ்வளவு தாழ்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அதைச் சற்று விரிவாகவே பேச வேண்டும்.

தியாகராய நகருக்குப் பெயர் தந்த பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது, 1920-இல், ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானமாயிற்று. பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல். காமராசர் 1956-இல் மதிய உணவைத் தமிழகப் பள்ளிகளுக்குக் கொண்டு சென்றார். எம்.ஜி.ஆர். 1982 சூலை முதல் நாள் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பசித்த பிள்ளைக்குச் சோறு போட்ட இம்மூவரையும் வாழ்த்தாத நாவில்லை. சத்துணவுத் திட்டத்தில் பணியாளரைத் தெரிவு செய்தபோது, கைம்பெண்களுக்கும் கணவனால் கைவிடப்பட்டோர்க்கும் ஆதரவற்றோர்க்கும் முன்னுரிமை தரப்பட்டது. அதன் நோக்கம் உயர்ந்தது. அதனால் எத்தனையோ குடும்பங்கள் தலை நிமிர்ந்தன. நம் மஹல்லாக்களிலும் அத்தகைய குடும்பங்கள் உண்டு.

ஆனால் அந்த நல்ல நோக்கத்தின் நிழலில் ஒரு தவறான எண்ணம் வளர்ந்தது. ஆதரவற்ற பெண்ணுக்கு வேலை கொடுத்தோம் என்பது, ஆதரவற்ற பெண்ணுக்கு உதவி செய்தோம் என்று மாறிற்று. உதவி என்றான பின் அதன் அளவை யார் கேட்பது? ஒன்றுமில்லாதிருந்தவளுக்கு இதுவேனும் கிடைத்ததே என்று கொடுப்பவர் நினைக்கிறார். பெறுபவளும் நாளடைவில் அப்படியே நினைக்கத் தொடங்குகிறாள். கூலி மெல்லக் கொடையாகிவிடுகிறது. கூலி என்றால் அவளுக்கு வழக்குண்டு, கொடை என்றால் நன்றிக்கடன்தான் உண்டு.

ஜகாத் கடமையான நம்மவர்க்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. வேலை செய்தவருக்குத் தர வேண்டிய கூலியை ஜகாத் கணக்கில் எழுதிக்கொள்ள முடியாதென்பது தெளிந்த சட்டம். வேலையாள் ஏழையாக இருக்கலாம்; ஜகாத் பெறத் தகுதியுடையவராகவும் இருக்கலாம். அது வேறு, இது வேறு. கூலியைக் குறைத்துக்கொண்டு அதன் மிச்சத்தை ரமளானில் தருமமாக நீட்டுபவர் தருமம் செய்தவராகார். கடனில் ஒரு பகுதியைக் கழித்தவரே ஆவார். அரசாங்கத்துக்கு ஜகாத் இல்லை. எனினும் இந்த நியாயம் அதற்கும் பொருந்துமா, பொருந்தாதா? பொருந்தும் என்றே நாம் கருதுகிறோம். 2023 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு குடும்பத் தலைவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியபோது, அதற்கு உரிமைத் தொகை என்று பெயரிட்டது. ஊதியமின்றி இல்லத்தில் பெண்கள் உழைக்கும் உழைப்பை மதிக்கும் பெயர் அது, நல்ல பெயர். வேலைக்கே அமர்த்தாத பெண்ணுக்குத் தருவது உரிமை என்றும், காலை முதல் வேலை வாங்கிய பெண்ணுக்குத் தருவது மதிப்பூதியம் என்றும் வழங்குமாயின், சொற்கள் இடம் மாறி அமர்ந்துவிட்டனவோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது.

மறுத்துரைப்போர் சொல்வதையும் கேட்போம். இது முழுநேர வேலை அன்று என்பர். மையம் திறந்திருக்கும் நேரத்தை மட்டும் எண்ணுவோர் சொல் அது. கருவுற்ற பெண்களைப் பதிவு செய்வது, சத்துமாவு வழங்குவது, தடுப்பூசி நாளில் தாய்மாரை அழைத்து வருவது, ஒவ்வொரு குழந்தையின் எடையையும் உயரத்தையும் கைப்பேசிச் செயலியில் ஏற்றுவது, இவையெல்லாம் யார் நேரம்? 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலின் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது படிவங்களோடு நம் வாயில்களில் வந்து நின்றவர்களுள் அங்கன்வாடிப் பணியாளரும் இருந்தனர். அரசுக்கு ஆள் தேவைப்படும்போது அவர் அரசு ஊழியர்; சம்பளப் பட்டியல் எழுதும்போது அவர் தொண்டர்.

ஆண் குடும்பத்தைத் தாங்குகிறான், அவனுக்குக் கூடுதல் வேண்டும் என்பது இரண்டாவது வாதம். நம்மவருள் சிலர் இதற்கு மார்க்கச் சாயம் பூசி, வாரிசுரிமையில் மகனுக்கு இரு பங்கு என்பதை மேற்கோள் காட்டுவதும் உண்டு. வாரிசுரிமை உழைப்புக்குத் தரும் விலையன்று. குடும்பத்தைப் பராமரிக்கும் கடமையோடு பிணைந்த பங்கீடு. கூலியோ விற்பனை போன்றது. வேலையும் தெரிந்திருக்க வேண்டும், கூலியும் தெரிந்திருக்க வேண்டும் என்று இஜாராவுக்கு நிபந்தனை விதித்த இமாம்கள், செய்பவர் ஆணா பெண்ணா என்று பார்த்துக் கூலியைக் கூட்டிக் குறைக்கச் சொல்லவில்லை. மயிலாப்பூரை அடுத்த நொச்சிக்குப்பத்தில் மீன் விற்போர் பெரும்பாலும் பெண்களே. வஞ்சிரத்துக்கு விலை சொன்னால் நாம் பேரம் பேசுகிறோம். ஆயினும் விற்பவள் பெண், ஆகவே பாதி விலைதான் என்று யாரும் பேசுவதில்லை. பேசினால் அப்பெண்கள் தரும் விடையை இவ்விதழில் அச்சிட இயலாது! மீனுக்கு இல்லாத வேற்றுமை உழைப்புக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? அன்றியும், கைம்பெண் என்று பார்த்து வேலை கொடுத்துவிட்டு, குடும்பத்தைத் தாங்குபவன் ஆண்தான் என்று சம்பளத்தைக் குறைப்பது, ஒரே மூச்சில் இரண்டு பொய் சொல்வதாகும்.

மூன்றாவது வாதமே வலிமை மிக்கது. யாரும் அவர்களை வற்புறுத்தவில்லை. இச்சம்பளம் என்று தெரிந்தே மனுச் செய்கிறார்கள், ஓரிடத்துக்குப் பலர் போட்டியிடுகிறார்கள். இருவர் இசைந்து செய்த ஒப்பந்தத்தில் அநீதி எங்கே என்பது அது. ஒப்பந்தம் செல்லும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. காஜியார்முன் போனாலும் செல்லும் என்றே சொல்வார். ஆனால் செல்லுவது வேறு, தகுவது வேறு. பஞ்ச காலத்தில் பசித்தவன் தன் நிலத்தை அடிமாட்டு விலைக்கு எழுதிக்கொடுத்தால் பத்திரம் செல்லும். வாங்கியவன் அதைத் தன் நேர்மைக்குச் சான்றாகக் காட்ட முடியாது. அக்கம்பக்கத்தில் வேறு வேலை இல்லை, கைக்குழந்தையை விட்டு நெடுந்தொலைவு போக முடியாது என்ற நிலையில் இருப்பவளின் இசைவு எவ்வளவு கனமுள்ளது என்பதை அமர்த்துபவர் அறிவார். தனியார் முதலாளியாவது தன் போட்டியாளரைக் காரணம் காட்டுவார். ஊதியத்தின் நியாயத்தைப் பிறருக்குச் சட்டமாக எழுதிக்கொடுக்கும் அரசு அதனைக் காட்ட முடியாது.

கருவூலம் தாங்காது என்பாரும் உளர். தாங்குமா என்பதைக் கணக்கர்கள் சொல்லட்டும். ஆனால் தள்ளிப்போட்ட கூலி மறைந்துவிடுவதில்லை. இங்கிலாந்தில் நம் சகோதரர்கள் பெருந்தொகையினராக வாழும் பர்மிங்காம் நகரில், மாநகராட்சியின் சமையற்பெண்களும் துப்புரவுப் பெண்களும் முதியோரைப் பேணும் பெண்களும், குப்பை அள்ளும் ஆண்களுக்கும் புதைகுழி தோண்டும் ஆண்களுக்கும் தந்த ஊக்கத்தொகை தமக்கு மறுக்கப்பட்டதென்று வழக்காடினர். மாநகராட்சி காலம் கடந்த வழக்கு என்று வாதிட்டது. 2012-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பெண்களின் வழக்கை நடத்த வழிவிட்டது. 2023 செப்டம்பரில், முதன்மையாக இந்தச் சம ஊதியக் கடன்களைத் தாங்க முடியாமல், புதிய செலவுகளை நிறுத்துவதாக அம்மாநகராட்சி அறிவிக்க நேர்ந்தது. அன்றன்றே கொடுத்திருந்தால் அவ்வளவு சேர்ந்திராது.

முறையான பணியில் இருக்கும் பெண்களுக்கும் குறையேதும் இல்லையென்று நாம் சொல்லவில்லை. தமிழகம் 1989-இல் அரசுப் பணிகளில் பெண்களுக்கு 30 விழுக்காடு ஒதுக்கியது. 2021-இல் அதை 40 ஆக உயர்த்த முடிவு செய்தது. அவ்வாண்டே மகப்பேற்று விடுப்பைப் பன்னிரண்டு மாதமாக்கியது. ஆயினும் பதவி உயர்வோடு வெளியூர் மாறுதல் வரும்போது, பிள்ளைகளின் படிப்பையும் மாமியாரின் நோயையும் எண்ணி உயர்வே வேண்டாமென்று எழுதிக்கொடுக்கும் பெண்கள் எத்தனையோ பேர். குழந்தை பிறந்த பிறகே ஊதிய இடைவெளி அகல்கிறது என்பதை நீண்டகால ஆய்வால் காட்டிய அமெரிக்கப் பேராசிரியை கிளாடியா கோல்டின் 2023-இல் நோபல் பரிசு பெற்றார். அது வேறொரு நீண்ட கதை. அதற்கு அரசைவிட நம் வீடுகளே பெரிதும் பதில் சொல்ல வேண்டும்.

நீதிமன்றம் பால்வாடிப் பெண்களை எங்ஙனம் கண்டது? கர்நாடக அரசுக்கும் அமீர்பீ என்பவருக்கும் இடையிலான வழக்கில், அங்கன்வாடிப் பணியாளர் வகிப்பது அரசின் குடிமைப் பதவியன்று என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. நம் பெண்களின் பெயர்களுள் ஒன்று அவ்வாறு சட்டப் புத்தகத்தில் ஏறியது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் சென்றன. 2022 ஏப்ரல் 25 அன்று, குசராத்தின் அங்கன்வாடிப் பெண்கள் தொடுத்த வழக்கில், நீதிபதிகள் அஜய் ரஸ்தோகியும் அபய் ஓகாவும் அவர்களுக்குப் பணிக்கொடை உண்டென்று தீர்ப்பளித்தனர். பணிக்கொடைச் சட்டத்தின் நோக்கில் இவர்கள் பெறும் மதிப்பூதியமும் ஊதியமே என்று அத்தீர்ப்பு கூறியது. 1975 அக்டோபர் 2-இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கிய நாளிலிருந்து எண்ணினால், அந்த ஒரு சொல்லைப் பெற 46 ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

தொண்டு என்ற பெயரால் கூலி குறைவது பெண்களுக்கு மட்டும் நேர்ந்ததா என்றால், இல்லை. நம் பள்ளிவாசல் இமாம்கள் அதை நன்கறிவர். குர்ஆன் கற்பிக்கவும் தொழுகை நடத்தவும் பாங்கு சொல்லவும் கூலி வாங்கலாகாது என்று ஹனஃபி மத்ஹபின் முன்னோர் கருதினர். வணக்கத்துக்கு விலையில்லை என்பது அவர்கள் கருத்து. பின்வந்த அறிஞர்கள், கற்பிப்போர் பசித்திருந்தால் கல்வியே அழியும் என்று கண்டு அதை அனுமதித்தனர். ஷாஃபி மத்ஹபினர் குர்ஆன் கற்பிப்பதற்குக் கூலியை முன்பே அனுமதித்தனர். பணி புனிதமானது என்பதற்காகப் பணியாளரைப் பட்டினி போடுவது முறையன்று என்ற முடிவுக்கு நம் முன்னோர் இவ்வளவு விவாதத்துக்குப் பிறகு வந்தார்கள். ஆயினும் கித்மத் என்ற அழகிய சொல்லைச் சொல்லி இமாமின் சம்பளத்தைத் தாழ்த்தி வைத்திருக்கும் நிர்வாகங்கள் இன்றும் உண்டு.

அங்கும் ஒரு படி கீழே பெண் நிற்கிறாள். பெண் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் ஆலிமாக்கள் பல ஊர்களில் பெருகியிருக்கிறார்கள். ஐந்தாண்டு ஓதிப் பட்டம் பெற்றவர்கள். நம் ஜமாஅத்துகள் சிலவற்றின் ஆண்டுக் கணக்கைப் புரட்டினால், இமாமுக்கும் மோதினாருக்கும் நேராகச் சம்பளம் என்றிருக்கும். ஆலிமாவுக்கு நேராக அன்பளிப்பு என்றிருக்கும். கணவர் சம்பாதிக்கிறாரே, அவருக்கு இது எதற்கு என்பர் நிர்வாகிகள். அரசாங்கத்தைப் பற்றி இவ்வளவு பேசிய நாம், அடுத்த பொதுக்குழுவில் அந்தக் கணக்கு வாசிக்கப்படும்போது, அந்தப் பத்திக்கு அப்பெயர் ஏன் வந்தது என்று எழுந்து கேட்கலாம்.